கல் இல்லாமலே வீங்கும் சிறுநீரகம்: சிறுநீர்ப் பாதையைப் பிடிக்கும் ஆழ்ந்த எண்டோமெட்ரியோசிஸ்

“இடப்பக்கச் சிறுநீரகத்தில் மிதமான ஹைட்ரோநெஃப்ரோசிஸ். யூரிட்டரின் மேற்பகுதி விரிந்துள்ளது. கல் தென்படவில்லை.” முப்பது வயதுப் பெண் ஒருவருக்கு எடுத்த வயிற்று ஸ்கேன் அறிக்கையில் இப்படி மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, சிறுநீரைக் கீழே இறக்கும் குழாயான யூரிட்டரும் விரிந்திருக்கிறது என்பதே இதன் பொருள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதைப் படிக்கும் வீட்டார் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்: கல் இருந்திருக்கும், கரைந்து போயிருக்கும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த பகுதி இது. அதற்காகவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. உடம்பில் எது வந்தாலும் தண்ணீரைச் சந்தேகிக்கும் பழக்கம் இங்கு ஆழமாக ஊன்றியிருக்கிறது. எனவே வாழைத்தண்டுச் சாறும் வலி மாத்திரையும் தொடரும். “கல் தென்படவில்லை” என்ற கடைசி வரி கவனம் பெறாமலே போகும்.

கல் இல்லை என்றால் சிறுநீரகம் ஏன் வீங்க வேண்டும் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. பிறவிக் குறை, பழைய காசநோய்த் தழும்பு, கட்டி, முந்தைய அறுவையில் ஏற்பட்ட காயம் என அதற்குப் பல விடைகள் உண்டு. மாதவிலக்கு நின்றுவிடாத வயதிலுள்ள பெண்ணுக்கு, அந்த வரிசையில் எண்டோமெட்ரியோசிஸும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

நோயின் அடிப்படை

கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மாதந்தோறும் தடித்து, கருத்தரிக்காதபோது உதிர்ந்து, மாதவிலக்காக வெளியேறுவது இந்தப் படலமே. இதை ஒத்த திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். மாதவிலக்கு இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய்கள் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் செல்வதால் இது தோன்றுகிறது என்ற விளக்கத்தை அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-இல் முன்வைத்தார். பின்னோக்கிய ஓட்டம் பெரும்பாலான பெண்களுக்கு இருந்தும் சிலருக்கு மட்டுமே நோய் வருவதால், மரபணுவும் நோயெதிர்ப்பு அமைப்பும் இதில் பங்கேற்பதாக இன்று கருதப்படுகிறது. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகளவில் சுமார் 19 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வெளியே வளர்ந்த இந்தத் திசுவும் மாதச் சுழற்சிக்குக் கட்டுப்பட்டு வீங்கும், கசியும். ஆனால் கசிந்தது வெளியேற வழி இல்லை. சுற்றிலும் அழற்சி உண்டாகி, ஆறி, மீண்டும் உண்டாகி, ஆண்டுகள் செல்லச் செல்ல நார்த்தழும்பு கெட்டிப்படுகிறது. வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு அடியில் 5 மில்லிமீட்டருக்கு மேல் திசு ஊடுருவியிருந்தால் அதை ஆழ்ந்த எண்டோமெட்ரியோசிஸ் என்று நெடுங்காலமாக வரையறுத்து வருகிறார்கள். இது புற்றுநோய் அல்ல. ஆயினும் பக்கத்து உறுப்புகளைத் தன்னோடு ஒட்டவைத்து இழுக்கும் இயல்புடையது.

இடுப்புக்குள் சிறுநீர் செல்லும் வழி

இரண்டு சிறுநீரகங்களிலிருந்தும் சிறுநீரைக் கீழே கொண்டுவரும் குழாய்களைப் பாடநூல்கள் சிறுநீர்நாளம் என்கின்றன. மருத்துவமனையில் யூரிட்டர் என்ற சொல்லே புழங்குகிறது. ஒவ்வொன்றும் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும் சில மில்லிமீட்டர் விட்டமும் மட்டுமே கொண்ட மெல்லிய தசைக் குழாய். இது இடுப்புக்குள் இறங்கி, சினைப்பைக்கு அருகே ஓடி, கர்ப்பப்பைக்குச் செல்லும் தமனியின் அடியில் நுழைந்து, கர்ப்பப்பை வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் அளவு தள்ளிக் கடந்து சிறுநீர்ப்பையைச் சேர்கிறது. ஆழ்ந்த எண்டோமெட்ரியோசிஸ் மிகுதியாகக் குடியேறும் கர்ப்பப்பையின் பின்புறத் தசைநார்கள் இந்தக் குழாயை ஒட்டியே இருக்கின்றன. ஆபத்துக்குக் காரணம் இந்த நெருக்கமே.

எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் சிறுநீர்ப் பாதை பாதிக்கப்படுவது சுமார் 100-இல் ஒருவருக்கு. ஆழ்ந்த வகை உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த விகிதம் பல மடங்கு உயர்கிறது. பாதிப்புகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் சிறுநீர்ப்பையில் காணப்படுகின்றன. யூரிட்டரில் வருவது அதைவிட மிகக் குறைவு. சிறுநீரகத்திலேயே வருவது அரிது.

சிறுநீர்ப்பையில் வந்தால் தெரியும், யூரிட்டரில் வந்தால் தெரியாமலும் போகும்

சிறுநீர்ப்பையின் சுவரில் கட்டி உருவானால் அறிகுறிகள் பெரும்பாலும் வெளிப்படையாக இருக்கும். நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு, பை நிறையும்போது அடிவயிற்றில் வலி ஆகியவை மாதவிலக்கு நாட்களில் கூடும். சிலருக்கு அந்நாட்களில் சிறுநீரில் இரத்தமும் வரும். ஆனால் இரத்தம் வராததாலேயே நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கட்டி பையின் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி வளர்வதால், உட்படலத்தைத் தொடும் வரை இரத்தம் கசியாமல் இருக்கலாம்.

யூரிட்டரின் கதை வேறு. இங்கு பாதிப்பு இரண்டு வகைப்படும். குழாயின் வெளியே தழும்பு சூழ்ந்து கயிறு கட்டியதுபோல் இறுக்குவது வெளிவகை, இதுவே மிகுதி. குழாயின் தசைச் சுவருக்குள்ளேயே திசு ஊடுருவுவது உள்வகை. இடப்பக்கமே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது. கல் திடீரென்று அடைக்கும்போது துடிக்கவைக்கும் வலி வரும். தழும்போ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இறுக்குகிறது. சிறுநீரகமும் அதற்கேற்ப மெல்லவே விரிந்துகொடுப்பதால், பலருக்கு வலியே தெரிவதில்லை. இன்னொரு சிறுநீரகம் முழு வேலையையும் ஏற்றுக்கொள்வதால் சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் சரியான அளவிலேயே காட்டும். கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்ற இரண்டு காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பெண் ஒரு சிறுநீரகத்தை இழந்துவிட முடியும். இக்கட்டுரையில் ஒரே ஒரு செய்தி நினைவில் நிற்க வேண்டுமென்றால் அது இதுவாகவே இருக்க வேண்டும்.

நம் ஊரில் இது ஏன் தப்பிப் போகிறது

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு மாதந்தோறும் மூன்று நாட்கள் நீர்க்கடுப்பு வருகிறது. வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிவைத்ததால் வந்த தொற்று என்று அவரும் நம்புகிறார், பார்த்தவர்களும் சொல்கிறார்கள். ஐந்து நாள் ஆண்டிபயாட்டிக் கொடுக்கப்படுகிறது. மாதவிலக்கு முடிய எப்படியும் அத்தனை நாட்கள் ஆகும் என்பதால், மாத்திரை முடியும்போது கடுப்பும் அடங்குகிறது. மாத்திரை கேட்டது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் அதே கதை. சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனை செய்திருந்தால் கிருமி வளரவில்லை என்று வந்திருக்கும். அது பெரும்பாலும் செய்யப்படுவதே இல்லை.

இன்னொரு காரணம் சொல்லக் கசப்பானது. மாதவிலக்கு வலி இயல்பு, “சூட்டு வலி”, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், ஒரு பிள்ளை பெற்றால் நின்றுவிடும் என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். சிறுவயதுத் திருமணம் இன்னும் முற்றாக ஒழியாத மாவட்டங்களில் இந்தச் சொல் வெறும் ஆறுதலாக நின்றுவிடுவதில்லை. ஒரு சிறுமியின் படிப்பை நிறுத்துவதற்கான சாக்காகவும் மாறக்கூடும். திருமணமும் மகப்பேறும் இந்நோய்க்கு மருத்துவம் அல்ல. கருவுற்றிருக்கும் மாதங்களில் மாதவிலக்கு இல்லாததால் வலி தணியலாம். தழும்பு அங்கேயே இருக்கும். வலி தொடங்கியதிலிருந்து நோய் உறுதியாகும் வரை பல ஆண்டுகள் கழிவது உலகெங்கும் பதிவாகியிருக்கிறது.

இதற்குச் செலவில்லாத ஒரு கருவி எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. பால் கணக்கும் சிலிண்டர் வந்த நாளும் குறித்துவைக்கும் மாதக் காலண்டரில், விலக்கான நாட்களை ஒரு வட்டத்தாலும், கடுப்போ இடுப்புப் பக்க வலியோ வந்த நாட்களை ஒரு கோட்டாலும் மூன்று மாதங்களுக்குக் குறிக்கலாம். வட்டமும் கோடும் சேர்ந்தே வருமானால் அந்தக் காலண்டரைக் கழற்றி மருத்துவரிடம் கொண்டுபோவது வாய்மொழியாகச் சொல்வதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

கண்டறியும் முறை

1. விசாரிப்பும் நேரடிப் பரிசோதனையும். மாதவிலக்கின்போது வலி, உடலுறவின்போது வலி, மலம் கழிக்கும்போது வலி, குழந்தையின்மை ஆகியவற்றோடு சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்தால் ஆழ்ந்த வகையை நினைக்க வேண்டும்.

2. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள் ஸ்கேன். பை முழுதும் காலியாக இல்லாமல் ஓரளவு சிறுநீர் இருக்கும்போது எடுத்தால் சிறுநீர்ப்பைச் சுவரிலுள்ள கட்டி நன்றாகத் தெரியும். பயிற்சி பெற்ற கண் இதற்குத் தேவை. வழக்கமான ஸ்கேனில் “எல்லாம் நார்மல்” என்று வந்தாலும் ஆழ்ந்த நோய் இல்லை என்று பொருளாகாது. திருமணமாகாத பெண்களுக்கு உள் ஸ்கேன் எடுக்கக் குடும்பங்கள் தயங்கும். அவர்களுக்கு வயிற்றின் மேலிருந்து எடுக்கும் ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் மாற்று வழிகள். தயக்கத்தைக் காரணமாக்கிப் பரிசோதனையையே கைவிடுவதுதான் தவறு.

3. சிறுநீரக ஸ்கேன். இடுப்புக்குள் ஆழ்ந்த எண்டோமெட்ரியோசிஸ் என்று எழுதப்பட்ட ஒவ்வொருவருக்கும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு சிறுநீரகங்களையும் ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். தாலுகா அளவிலேயே கிடைக்கக்கூடிய, கதிர்வீச்சு இல்லாத, சில நிமிடங்களில் முடியும் பரிசோதனை இது. கர்ப்பப்பையையும் சினைப்பையையும் பார்த்துவிட்டு ஸ்கேன் கருவியை மேலே நகர்த்தாமல் முடித்துவிட்டால், இந்தக் கட்டத்திலேயே நோய் கைநழுவுகிறது.

4. எம்.ஆர்.ஐ. கட்டி எங்கே, எவ்வளவு ஆழம், மலக்குடலும் சேர்ந்திருக்கிறதா என்ற முழு வரைபடத்தை அறுவைக்கு முன் தருவது இது. நோய் எந்தெந்த உறுப்பில் எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் குறியீடுகளால் எழுதும் என்சியன் வகைப்பாடு 2021-இல் திருத்தப்பட்டது. அதில் சிறுநீர்ப்பைக்கும் யூரிட்டருக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. அறிக்கையில் அவை இருந்தால் அடுத்த மருத்துவருக்கு வேலை எளிதாகும்.

5. சிஸ்டோஸ்கோப்பி, அதாவது சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் பார்த்தால் நீலம் பாரித்த மேடுகள் தெரியக்கூடும். யூரிட்டர்கள் பைக்குள் திறக்கும் துளைகளிலிருந்து கட்டி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை அளக்கவும், ஐயமிருந்தால் சிறு துண்டு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தவும் இது உதவும்.

6. ஐசோடோப் ரீனல் ஸ்கேன். வீங்கிய சிறுநீரகம் இன்னும் எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்பதைச் சொல்வது. காப்பாற்ற முயல்வதா, அகற்றுவதா என்ற முடிவு பெரிதும் இந்த எண்ணைப் பொறுத்தது.

சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையைக் கொண்டு இந்நோயை உறுதிசெய்ய வேண்டாம் என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் கூறுகிறது. நோயை அறிவதற்கென்றே எல்லோருக்கும் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் அறுவை, செய்ய வேண்டியதில்லை என்பதும் அதன் நிலைப்பாடு.

மாத்திரை செய்வதும் செய்ய முடியாததும்

டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, கருத்தடை மாத்திரைகள், ஹார்மோன் வெளியிடும் காப்பர்-டி போன்ற சாதனம், மூளையிலிருந்து வரும் ஹார்மோன் கட்டளையை நிறுத்தும் ஊசிகள் ஆகியவை மாதச் சுழற்சியை அடக்கித் திசுவைச் சுருக்குகின்றன. சிறுநீர்ப்பைக் கட்டியால் வரும் கடுப்பும் வலியும் இவற்றால் நன்கு குறையும். உடனே கருத்தரிக்க விரும்பாதவர்கள் பல ஆண்டுகள் மாத்திரையிலேயே இருக்கவும் முடியும். நிறுத்தினால் தொல்லை திரும்பக்கூடும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

யூரிட்டர் அடைபட்ட பிறகு நிலைமை மாறுகிறது. ஹார்மோன் மாத்திரை உயிருள்ள திசுவைச் சுருக்கும். கெட்டிப்பட்ட நார்த்தழும்பைக் கரைக்காது. வலி முழுதும் நின்ற பிறகும் அடைப்பு அப்படியே இருக்கலாம், சிறுநீரகம் தொடர்ந்து தேயலாம். ஆகவே சிறுநீரகம் வீங்கியிருப்பவருக்கு மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்து, மறு ஸ்கேன் இல்லாமல் ஆறு மாதம் கழித்து வரச்சொல்வதைக் கடுமையான குறையாகவே கருத வேண்டும்.

சிறுநீர்ப்பையில் செய்யும் அறுவை

சிறுநீர் வெளியேறும் துவாரத்தின் வழியாகக் கருவி விட்டு உள்ளிருந்து சுரண்டி எடுப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் கட்டியின் வேர் வெளிச்சுவரில் இருப்பதால் அது முழுமையாக வராது, நோயும் திரும்பும். எனவே கட்டி இருக்கும் பகுதியைச் சுவரின் முழுத் தடிமனோடு வெட்டியெடுத்து, கரையும் நூலால் பையை மூடுவதே முறை. பயிற்சி உள்ள இடங்களில் இது லேப்ராஸ்கோப்பியிலேயே நடக்கிறது. பையின் மேற்கூரையில் கட்டி இருந்தால் வேலை சுலபம். யூரிட்டர் திறப்புகளுக்கு அருகில் இருந்தால், யூரிட்டருக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். சில வேளைகளில் யூரிட்டரையே வேறிடத்தில் பொருத்த வேண்டியும் வரும். பிறகு ஒன்றிரண்டு வாரம் சிறுநீர் டியூப் இருக்கும். ஒரு பகுதியை வெட்டியதால் பை சிறியதாகி, தொடக்கத்தில் அடிக்கடி போகத் தோன்றும். பை விரிந்துகொடுக்கும் உறுப்பு என்பதால் சில மாதங்களில் பெரும்பாலோருக்கு இது சரியாகிவிடுகிறது.

யூரிட்டரில் செய்யும் அறுவை

இதுவே முழு மருத்துவத்திலும் நுட்பமான பகுதி. கட்டி இருக்கும் இடத்தில் எது தழும்பு, எது குழாய் என்று பிரித்தறிய முடியாது. ஆகவே அறுவை மருத்துவர் மேலே, நோய் தொடாத இடத்தில், பெரிய இரத்தக் குழாய்களை யூரிட்டர் கடக்கும் இடுப்பு விளிம்பில் தேடத் தொடங்குகிறார். உயிருள்ள யூரிட்டரை அடையாளம் காட்டுவது அதன் அசைவு: லேசாகத் தொட்டால் ஒரு சுருக்கம் எழுந்து புழு நெளிவதுபோல் கீழ்நோக்கி ஓடும். அந்த வெள்ளைக் குழாயைப் பிடித்துக்கொண்டு, அதன் மேலுறையில் ஓடும் நுண்ணிய இரத்த நாளங்கள் அறாமல், மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தழும்புக்குள் இறங்க வேண்டும். அதன்பின் நிலைமைக்கேற்ப:

1. விடுவித்தல். வெளிவகை அடைப்பில் சுற்றியிருக்கும் தழும்பை உரித்தெடுத்துக் குழாயை விடுவித்தாலே போதும். பெரும்பாலோருக்கு இதுவே நடக்கிறது.

2. வெட்டி இணைத்தல். உள்வகையாக இருந்தாலோ, விடுவித்த பிறகும் குழாய் சுருங்கியே இருந்தாலோ, கெட்ட துண்டை அகற்றி இரு நுனிகளையும் இழுவிசை இன்றித் தைக்கலாம்.

3. சிறுநீர்ப்பையில் மறுபொருத்தல். அடைப்பு பைக்கு அருகில், குழாயின் கீழ்க்கோடியில் இருந்தால், அதற்கு மேலே வெட்டி யூரிட்டரைப் பையில் புதிய இடத்தில் பொருத்துவார்கள். நீளம் எட்டாவிட்டால் பையையே மேலே இழுத்து முதுகெலும்பை ஒட்டிய தசையோடு தைத்துவிடுவது உண்டு.

4. சிறுநீரகத்தை அகற்றுதல். ஐசோடோப் ஸ்கேனில் செயல்பாடு 10 விழுக்காட்டுக்கும் கீழே போய், வலியோ தொற்றோ தொல்லை கொடுத்தால் மட்டும்.

சிறுநீரகம் மிகவும் வீங்கியோ தொற்றோடோ வந்தவருக்கு, இந்த அறுவைக்கு முன் உள்ளே ஸ்டென்ட் வைத்தோ, முதுகு வழியாக மெல்லிய குழாய் செருகியோ தேங்கிய நீரை வடிப்பார்கள். அது அவசர நிவாரணமே. நோய் இன்னும் உள்ளே இருக்கிறது.

இடர்களும் உண்டு. தைத்த இடத்தில் சிறுநீர் கசிவு, குழாய் மீண்டும் சுருங்குதல், பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுதல் ஆகியவற்றை அறுவைக்கு முன்பே மருத்துவர் விளக்க வேண்டும். இருபுறமும் ஆழமாக வெட்ட நேர்ந்தால் சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகள் பாதிக்கப்பட்டு, தானாகச் சிறுநீர் கழிக்க முடியாமல் சில காலம் தாமே டியூப் விட்டு எடுக்க வேண்டிய நிலையும் வரலாம்.

“கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் போதாதா?”

முப்பத்தைந்து வயதிலேயே “அதை எடுத்துவிடுங்கள், தொல்லை விட்டது” என்று குடும்பமே முடிவெடுப்பது நம் பகுதியில் புதிதல்ல. கர்ப்பப்பையை அகற்றினால் மாதவிலக்கு நிற்கும். ஆனால் யூரிட்டரைச் சுற்றிய தழும்பு கர்ப்பப்பைக்குள் இல்லை. அது இடுப்புச் சுவரில் இருக்கிறது. அதைத் தொடாமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் அடைப்பு அப்படியே தொடரும். அதோடு, தழும்பால் இடம் பெயர்ந்த யூரிட்டரை முதலில் தேடிக் காணாமல் கர்ப்பப்பையைப் பிரித்தால் குழாயே வெட்டுப்படும் வாய்ப்பும் கூடுகிறது. கர்ப்பப்பை அகற்றம் சிலருக்குப் பொருத்தமான சிகிச்சையின் ஒரு பகுதியாக இருக்கலாம். சிறுநீரக ஸ்கேன் எடுக்காமல் அந்த முடிவுக்கு யாரும் கையெழுத்திட வேண்டாம்.

எங்கே போவது, என்ன கேட்பது

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மகப்பேறு மற்றும் பெண்கள் நலப் பிரிவில் காட்டுவதும், சிறுநீரக ஸ்கேன் எடுப்பதும், கல்ச்சர் பரிசோதனையும் வெளியூர் போகாமல் தொடங்கக்கூடியவை. யூரிட்டர் அறுவைக்கோ பெண்கள் நல மருத்துவரும் சிறுநீரக அறுவை மருத்துவரும், குடலும் பாதிக்கப்பட்டிருந்தால் குடல் அறுவை மருத்துவரும், ஒரே மேசையில் சேர்ந்து செய்யக்கூடிய இடம் தேவை. தருமபுரியிலிருந்து சேலம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். தூரத்தைவிட அந்தக் குழு இருக்கிறதா என்பதே முக்கியம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. பரிந்துரைக்கப்பட்ட அறுவை அதில் வருமா என்பதை, நாள் குறிக்கும் முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அறுவையின் பெயரைக் காட்டி உறுதிசெய்துகொள்ள வேண்டும். மாநிலம் மாறிச் செல்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: என் இரண்டு சிறுநீரகங்களும் ஸ்கேனில் பார்க்கப்பட்டனவா? வீங்கிய சிறுநீரகம் எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது? அறுவையின்போது யூரிட்டரைக் கையாளச் சிறுநீரக அறுவை மருத்துவர் உடனிருப்பாரா?

அறுவைக்குப் பின்

சீரமைத்த யூரிட்டருக்குள், அது ஆறும்வரை, இரு முனையும் சுருண்ட டபுள்-ஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைக்கப்படும். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்களில் அதை எடுத்துவிடுவார்கள். அது உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வருவதும், கழிக்கும்போது இடுப்புப் பக்கம் சுரீரென்று இழுப்பதும், லேசாக இரத்தம் கலப்பதும் எதிர்பார்க்கக்கூடியவை. காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டென்ட் எடுத்த சில வாரங்களிலும், பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளிலும் சிறுநீரக ஸ்கேன் எடுத்து வீக்கம் வடிந்ததா என்று பார்ப்பார்கள். கருத்தரிக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லாதவர்களுக்கு, நோய் திரும்புவதைக் குறைக்க ஹார்மோன் மாத்திரை தொடரப்படும்.

சேலத்திலோ பெங்களூரிலோ அறுவை முடித்து அரூருக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ திரும்பிய பிறகு, வலி இல்லை, மாங்காய்ப் பருவம், பேருந்துக்குச் செலவு என்று ஸ்டென்ட் எடுக்கப் போவது தள்ளிப்போகும். மாதக்கணக்கில் உள்ளே விடப்பட்ட ஸ்டென்ட்டின் மேல் உப்புப் படிந்து கல்லாகி, அதை எடுக்கவே இன்னோர் அறுவை தேவைப்படும் நிலை வருகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் எந்தப் பக்கம் வைக்கப்பட்டது, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்ற இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்து, அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துவிட வேண்டும்.